மலைவழியும் அதன் வரம்பும்

விருதுநகர் மாவட்டம் என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவன மூன்று: கடும் வெயில், கரிசல் மண், சிவகாசிப் பட்டாசு. மலை எவருடைய நினைவுக்கும் வருவதில்லை. ஆயினும் இராசபாளையத்திலோ, திருவில்லிபுத்தூரிலோ, வத்திராயிருப்பிலோ நின்று மேற்றிசையை நோக்குவார்க்கு, அடிவானம் முழுவதையும் மறைத்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலையே ஆகும். அதன் சில முடிகள் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் உடையவை. இம்மலையின் மேல் மனிதர் எக்காலத்தில் எக்காரணம் பற்றி ஏறினர், எந்த வரம்புக்கு உட்பட்டு ஏறினர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஒப்பு நோக்குவதற்காகத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்கும் தங்களைச் சிறிது நேரம் அழைத்துச் செல்வேன். இவ்விரண்டு மலைகளுக்கும் இடையே பெருங்கடல்கள் கிடப்பினும், மலையேறும் மனிதனின் கதை இரண்டிடத்தும் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் இம்மலை நமக்கு யாது செய்கிறது என்பதைப் பார்ப்போம். நான் பள்ளியில் பூகோளம் கற்பித்த நாளில், மேற்கே தெரியும் மலையால் நமக்கு என்ன பயன் என்று மாணவர்களைக் கேட்பது வழக்கம். "சாமி இருக்கிறார், ஐயா" என்பது முதல் விடை. "மழையைத் தடுத்துவிடுகிறது, ஐயா" என்பது சற்றே படித்த மாணவனின் விடை. இரண்டும் பிழையல்ல. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொண்டுவரும் நீரை மலை தன் மேற்குச் சரிவிலேயே இறக்கிவைத்துக்கொள்கிறது. கிழக்கே இருக்கும் நமக்கு வறண்ட காற்றே வந்து சேர்கிறது. அந்த வறட்சியே நமக்கு ஒரு தொழிலையும் தந்தது. 1920-களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். ஈரமற்ற காற்றிலே குச்சியும் மருந்தும் எளிதில் உலர்ந்தன, சிவகாசி வளர்ந்தது.

ஆனால் மூன்றாவது விடை ஒன்றுண்டு. அதனை மாணவர்கள் சொல்லக் கேட்பது அரிதாக இருந்தது. தடுத்த மழையில் ஒரு பகுதியை மலை தன் காட்டிலே தேக்கி, சிறுகச் சிறுக நம் பக்கமும் அனுப்புகிறது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இம்மலைப் பக்கத்து ஓடைகளால் பெருகுபவை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே அவ்விரண்டும் கூடி, கிழக்கே சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கின்றன. மலையின் மறுபக்கத்திலே வருசநாட்டுக் காடுகளில் வைகை பிறக்கிறது. ஆகவே இம்மலையின் மேல் நிகழ்வது எதுவும் மலையோடு நின்றுவிடுவதில்லை; நம் கண்மாய்களிலும் கிணறுகளிலும் அதன் பலன் வந்து நிற்கும்.

இனி மலையேறியோரைப் பற்றிக் கூறுவேன். இம்மலையை முதன்முதல் அறிந்தவர் பளியர் என்னும் பழங்குடி மக்கள். தேனுக்கும் கிழங்குக்கும் மூலிகைக்கும் அவர்கள் ஏறினர். மலை அவர்களுக்குக் காட்சிப் பொருள் அன்று, வீடு. எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடை எந்த மாதத்தில் பெருகும், யானை எவ்வழி இறங்கும் என்பவற்றை ஏட்டில் எழுதாமலே தலைமுறை தலைமுறையாக அவர்கள் காத்து வந்தனர்.

அவர்களுக்கு அடுத்து வந்தோர் அடியவர். வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து தொடங்கும் சதுரகிரி வழி இன்றும் நம் பக்கத்தின் தலைசிறந்த மலைவழி. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் எனப் படிப்படியாகச் சென்று சுந்தரமகாலிங்கர் திருமுன் சேர்வது அவ்வழி. இப்பெயர்களைச் சற்றே உற்று நோக்குங்கள். வழுக்குப்பாறை என்பது ஓர் எச்சரிக்கை. சங்கிலிப்பாறை என்பது பற்றிக்கொண்டு ஏற வேண்டிய இடத்தின் அடையாளம். வழிகாட்டிப் பலகைகள் இல்லாத காலத்தில் இடப்பெயர்களே பலகைகளாக நின்றன. அமாவாசை, பௌர்ணமி என்று நாள் குறித்து ஏறியதும், தனித்துச் செல்லாது கூட்டமாகச் சென்றதும், விரதம் பூண்டு அடக்கத்துடன் நடந்ததும் வெறும் சடங்குகள் அல்ல. அவை மலைக்கும் மனிதனுக்கும் இடையே நம் முன்னோர் வகுத்த வரம்புகள்.

இப்பொழுது ஆண்டீஸ் மலைக்கு வருவோம். அங்கே இன்கர் என்னும் மக்கள் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ஒரு பெரும் பேரரசை நடத்தினர். அவர்களிடம் சக்கரம் பூட்டிய வண்டி இல்லை, குதிரையும் இல்லை. லாமா என்னும் சிறு விலங்கும் மனிதனின் முதுகுமே சுமை தாங்கின. எனினும் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைத் தொகுதியை அவர்கள் ஆண்டனர். கொலம்பியா முதல் அர்ச்சென்டினா வரை இன்றைய ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கும் அச்சாலைகளை 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சாலையோரத்தில் இடைவெளி விட்டு 'தம்பு' என்னும் தங்கிடங்களை அமைத்து, அவற்றில் உணவும் உடையும் சேமித்து வைத்தனர்.

தம்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டியது சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரையில் ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் தென்பாண்டி நாட்டில் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. அச்சாலைகளின் ஓரத்திலே நம்மவர் நட்ட சுமைதாங்கிக் கல்லையும் மறத்தல் ஆகாது. வழிப்போக்கன் எவர் உதவியுமின்றித் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக அமைந்தது அக்கல். சுமப்பவனின் கழுத்தை நினைத்துப் பார்த்த சமுதாயம் நம்முடையது என்பதற்கு அதுவே சான்று. இதனை இங்கே நான் கூறுவதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

1802-ஆம் ஆண்டு மலையேற்ற வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்திய நாட்டின் மாபெரும் முக்கோண நில அளவை அதிலிருந்தே விரிந்தது. அவரும் அவருக்குப் பின் வந்தோரும் குன்றுகளின் மேலும் கோபுரங்களின் மேலும் கருவிகளை ஏற்றி நிலத்தை அளந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆண்டீஸ் மலையின் சிம்பராசோ முடியிலே ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் ஏறிக்கொண்டிருந்தார். முடியை அடைய அவரால் இயலவில்லை. பிளவு ஒன்று வழியை மறித்தது. ஆனால் அடிவாரத்திலிருந்து பனிக்கோடு வரை உயரம் மாறமாற மரஞ்செடிகள் மாறும் முறையை அவர் வரைந்து காட்டினார். வழிபாட்டுக்காக ஏறிய காலத்தோடு அறிவுக்காக ஏறும் காலமும் சேர்ந்துகொண்டது.

ஹம்போல்ட் கூறிய மற்றொரு செய்தி நம் மாவட்டத்தார் அனைவரும் மனத்திற் பதிக்க வேண்டியது. 1800-ஆம் ஆண்டில் வெனிசுவேலா நாட்டு வலென்சியா ஏரியை அவர் கண்டார். ஏரியின் நீர் ஆண்டுதோறும் வற்றி வருவதன் காரணத்தை ஊரார் அவரிடம் வினவினர். ஏரி நீர் பாதாளத்தில் இறங்கிவிட்டது என்று சிலர் எண்ணியிருந்தனர். சுற்றியுள்ள சரிவுகளில் மரங்களை வெட்டியதும், ஓடைகளை வயலுக்குத் திருப்பியதுமே காரணம் என்று அவர் விளக்கினார். மரம் இல்லாத சரிவில் மழைநீர் தங்காமல் ஒரே பாய்ச்சலில் இறங்கிவிடும். மண்ணையும் வாரிச் செல்லும். பின்னர் ஓடை வறண்டுவிடும். வைப்பாற்றுக் கரையில் வாழும் நாம் இப்பாடத்திற்கு உரை தேட வேண்டியதில்லை.

அறிவுக்காக ஏறியோரைத் தொடர்ந்து, ஏறுவதன் இன்பத்துக்காகவே ஏறுவோர் வந்தனர். 1857-ஆம் ஆண்டில் லண்டனில் மலையேறுவோர் கழகம் தோன்றியது. நம் மேற்குத் தொடர்ச்சியின் மிகவுயர்ந்த முடியாகிய ஆனைமுடியில் டக்ளஸ் ஹாமில்டன் 1862-இல் ஏறினார் என்று குறிப்புகள் கூறுகின்றன. 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட்டின் முடியில் நின்றனர். மறு ஆண்டே தார்ச்சிலிங்கில் மலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் பின் இந்திய இளைஞர்க்கு மலையேற்றம் வெள்ளையர் விளையாட்டாகத் தோன்றவில்லை.

இவ்வரலாற்றில் நம் மாவட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்த முத்தமிழ்செல்வி 2023-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் எவரெஸ்ட்டின் உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அச்சாதனை புரிந்த முதற் பெண்மணி எனப் பாராட்டப்பெற்றார். பின்னர் ஆண்டீஸ் மலையின் தலையாகிய, 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கோன்காகுவாவிலும் ஏறினார். கரிசற்காட்டு மகள் ஒருத்தி உலகின் நெடுமலைகளை ஏறக்கூடுமாயின், நம் பள்ளிச் சிறுமியர் செண்பகத்தோப்பு வரையேனும் நடந்து பார்க்கக் கூடாதா? நடக்கத்தான் வேண்டும். அதிலே எனக்கு ஐயம் இல்லை. எவ்வாறு நடப்பது என்பதே வினா.

அவ்வினாவை நம் முன் கடுமையாக நிறுத்திய நிகழ்ச்சிகள் இரண்டு. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி ஓடைகளில் திடீரென வெள்ளம் பெருகி, வழிபடச் சென்றோர் சிலர் உயிரிழந்தனர். அடிவாரத்தில் வெயில் காயும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கிவிடும் என்பது மலையின் இயல்பு. பகலில் முழங்கால் அளவு நீரில் கடந்த ஓடையை மாலையில் கடக்க இயலாது போகலாம்.

மற்றொன்று, 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நேர்ந்த காட்டுத்தீ. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் சென்ற மலையேற்றக் குழுவினர், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் தீயினிடையே சிக்கினர். பெரும்பாலோர் இளைஞர், மகளிர் பலர். தீக்காயமுற்று மருத்துவமனைகளில் இறந்தோரையும் சேர்த்து 23 பேர் மாண்டனர்.

நேயர்களே, தீயைப் பற்றி நம் பக்கத்தாருக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை என்று நாம் எண்ணலாம். தீக்குச்சி செய்யும் ஊர் நம்முடையது. ஆனால் ஆலையின் தீ வேறு. மலையின் தீ வேறு. சமவெளியில் தீயைக் கண்டு ஓடித் தப்பலாம். சரிவிலே தீ மேல்நோக்கி விரையும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால், சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீ பரவும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயியலார் கணக்கு. அச்சத்தில் மனிதன் மேல்நோக்கி ஓடுகிறான், அவனுக்கு மூச்சு இரைக்கிறது, தீக்கு இரைப்பதில்லை. மார்ச் மாதத்துக் காய்ந்த புற்சரிவில் நிற்பவன், மருந்து உலர்த்திய களத்தில் நிற்பவனை ஒப்பான் என்று சொன்னால் சிவகாசியாருக்கு எளிதில் விளங்கும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின்னர்த் தமிழக அரசு மலையேற்றத்துக்கென 2018-இலேயே தனி விதிகளை வகுத்தது. வழிகள் எளியன, நடுத்தரமானவை, கடினமானவை எனத் தரம் பிரிக்கப்பட்டன. வனத்துறையின் முன் இசைவு கட்டாயமாயிற்று. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, 14 மாவட்டங்களில் 40 வழிகள் அறிவிக்கப்பட்டன. மலையடிவாரத்து இளைஞரும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாகப் பயிற்றப்பெற்றனர். நம் செண்பகத்தோப்பும் அவ்வழிகளுள் இடம் பெற்றது. தீப்பருவம் எனக் கருதப்பெறும் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை 2025-இல் அவ்வழிகள் மூடப்பட்டன.

ஆண்டீஸிலும் இத்தகைய ஏற்பாடே உண்டு. பெரு நாட்டிலுள்ள மாச்சு பிச்சு என்னும் பழம்பதியை 1911-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஹைரம் பிங்காம் உலகுக்கு அறிவித்தார். அவரை அங்கே அழைத்துச் சென்றவர் உள்ளூர் உழவர் ஒருவரே; அப்பொழுதும் அவ்விடத்திலே குடியானவர்கள் பயிர் செய்து வாழ்ந்துகொண்டிருந்தனர். அப்பதிக்குச் செல்லும் ஏறத்தாழ 43 கிலோமீட்டர் இன்கர் வழியை நாடி உலகெங்குமிருந்து மக்கள் வந்து குவிந்தபோது, படிகள் தேய்ந்தன, குப்பை மலிந்தது. பெரு அரசு ஒரு வரம்பு கட்டியது. வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் உட்பட நாள் ஒன்றுக்கு 500 பேருக்கு மேல் அவ்வழியில் புகுதல் கூடாது. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் முழுவதும் வழியை மூடிப் பழுது பார்க்கின்றனர். அங்கே பிப்ரவரி மழைக்காலம். இங்கே தீக்காலத்தின் தொடக்கம். மழைக்காக அவர்களும் தீக்காக நாமும் ஒரே மாதத்தில் மலையின் கதவைச் சாத்துகிறோம்.

அந்நாடு செய்த மற்றொரு நற்செயல், 2001-ஆம் ஆண்டின் சுமையாளர் சட்டம். ஒருவன் முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்று அது விதித்தது. சுமைதாங்கிக் கல்லை நட்ட நம்மவர்க்கு இதன் அருமை விளங்கும். சதுரகிரியிலே முதியோரை டோலியில் சுமந்தும், அரிசியையும் நெய்யையும் தலையில் தாங்கியும் ஏறும் மனிதரை நாம் கண்டிருக்கிறோம். ஏறி இறங்கும் நமக்குப் புண்ணியமோ இன்பமோ கிட்டுகிறது. அவர்களுக்குக் கிட்டுவது என்ன என்று எண்ணிப் பார்ப்பதும் மலையேற்றத்தின் ஒரு பகுதியே. மலையின் வருவாயில் மலைமக்களுக்குப் பங்கு இல்லையாயின் அதற்குச் 'சூழல் சுற்றுலா' என்று பெயரிடுவதில் பொருள் இல்லை.

காட்டின் குடிகளுள் மனிதன் மட்டுமா உளன்? திருவில்லிபுத்தூர்க் காடுகளில் வாழும் நரை அணிலைக் காப்பதற்காக 1988-ஆம் ஆண்டில் இங்கே ஒரு சரணாலயம் அமைந்தது. நம் வீட்டு முற்றத்து அணிலைப் போன்றதன்று அது, பன்மடங்கு பெரியது. தரையில் இறங்குவதை விரும்பாது, கிளை விட்டுக் கிளை தாவியே இரை தேடுவது. மரக்கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் வரையே அதற்கு வழி உண்டு. ஒற்றையடிப் பாதையால் அதற்குத் தீங்கில்லை. பாதையை அகலமாக வெட்டினால் அதன் சாலை அறுந்துபோகும். நம் வழியை விரித்தால் அதன் வழி முடியும். 2021-ஆம் ஆண்டில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பெற்று, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயின. புலியைக் காப்பது என்பது புலி உலவும் காட்டைக் காப்பது. காட்டைக் காப்பது வைகையையும் வைப்பாற்றையும் காப்பது.

இவ்வரம்புகளைக் குறித்து இரு சாரார் குறை கூறுவர். "இறைவனைக் காணச் செல்வோரைத் தடுக்க எவருக்கு உரிமை?" என்பார் ஒரு சாரார். "இளைஞரின் துணிவை விதிகளால் முடக்குவதா?" என்பார் மற்றொரு சாரார். முதல் சாரார்க்கு நான் கூறுவது: நாள் குறித்தும் நோன்பு நோற்றும் ஏற வேண்டும் என்னும் வரம்பு வனத்துறை படைத்ததன்று, பக்தியே படைத்தது. வனத்துறை பின்னர் அதனை எழுத்தில் வடித்தது. சூடம், தீப்பெட்டி, நெகிழிப் பை ஆகியவற்றை அடிவாரத்திலேயே விட்டுச் செல்லுமாறு பணிப்பது வழிபாட்டுக்கு இடையூறு அன்று. இரண்டாம் சாரார்க்கு நான் கூறுவது: டென்சிங்கைக் காட்டிலும் துணிந்தவர் எவர்? அவர் முதல் முயற்சியிலேயே எவரெஸ்ட்டின் முடியைத் தொட்டவர் அல்லர். பலமுறை சென்று, காலமும் காற்றும் ஒவ்வாதபோது திரும்பி வந்தவர். திரும்பத் தெரிந்தவனே மலையேறத் தெரிந்தவன்.

எனினும் மலையை முற்றிலும் பூட்டிவைப்பதும் எனக்கு உடன்பாடு அன்று. காணாத மலையின்மீது எவருக்கும் அன்பு பிறவாது. மலையைப் படத்திலே மட்டும் பார்த்த மாணவன், நாளை அதன் மரம் வீழ்ந்தால் வருந்தமாட்டான். ஆகவே ஆசிரியர்களும் பெற்றோரும் உரிய பருவத்திலே, உரிய இசைவு பெற்று, பளியர் இளைஞர் ஒருவரை முன்னே நடக்கவிட்டு, பிள்ளைகளைக் காட்டுவழிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எடுத்துச் சென்றவை அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஓடையிலே நீர் ஓடுவதை அவர்கள் பார்க்க வேண்டும்; அந்நீரே தங்கள் ஊர்க் கண்மாய்க்கு வருகிறது என்பதை அங்கேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தேன் எடுக்க ஏறியோர், தெய்வம் தேடி ஏறியோர், அளவை எடுக்க ஏறியோர், இன்பம் நாடி ஏறியோர் என மலை அனைவரையும் தாங்கியுள்ளது. அவர்களுள் மலையின் வரம்பை அறிந்து நடந்தோர் நலமாகத் திரும்பினர். பின்வருவோர்க்கும் வழியை விட்டுவைத்தனர். மழையையும் தீயையும் ஒருங்கே அறிந்த இம்மாவட்டத்து மக்கள் அந்த வரம்பைக் காப்பதில் பிறர்க்கு முன்னே நிற்பார்களாக.